16 ஸ்லைஸிலிருந்து 128-க்கு: எந்தக் கோடு போகும், எது புதிதாக வரும்?

புதுக்கேன்ட்ரி:
வணக்கம். எங்கள் துறையில் 16 ஸ்லைஸ் (ஒரு சுற்றில் 16 குறுக்குவெட்டுப் படம்) சி.டி. ஸ்கேன் மெஷினை எடுத்துவிட்டு 128 ஸ்லைஸ் வைக்கிறார்கள். கம்பெனி ஆள் "இனி ஆர்டிஃபேக்ட் என்ற பேச்சே இருக்காது" என்கிறார், அதாவது உடம்பில் இல்லாமல் படத்தில் மட்டும் வரும் கோடும் நிழலும். ஆனால் டெமோ படங்களை ஸ்க்ரோல் செய்து பார்த்தால் மண்டையோட்டின் அடிப்பகுதியில் காத்தாடி இறக்கை மாதிரி கறுப்பு வெள்ளைப் பட்டைகள் சுற்றுகின்றன. தோள்பட்டை மட்டத்தில் குறுக்குக் கோடுகள் அப்படியே இருக்கின்றன. உண்மையில் லாபம் எங்கே, எந்த ஆர்டிஃபேக்ட் குறையும், எது கூடும்? பாடப்புத்தக விளக்கம் கையில் இருக்கிறது. கன்சோலில் உட்கார்ந்து எந்த எண்ணை மாற்ற வேண்டும் என்பதுதான் வேண்டும்.

மதுரை_சிடி:
முதல்ல 128 என்ற எண்ணை ஓரமா வைங்க. ஒரு சுற்றில் எத்தனை மில்லிமீட்டர் உடம்பை மறைக்குது, சுற்றுக்கு எத்தனை விநாடி, இந்த ரெண்டு எண்ணும்தான் வேலை செய்யுது. உங்க பழைய மெஷின் 16 × 0.75 என்றால் 12 மி.மீ. புதுசு பெரும்பாலும் 64 × 0.6, அதாவது 38.4 மி.மீ. டிடெக்டர் (கதிரை அளக்கும் பகுதி) வரிசை 64-தான். ஒவ்வொரு வரிசையையும் ரெண்டு தடவை படிச்சு 128 என்று எழுதுறாங்க. அது ஏமாத்து வேலை இல்லை, ஆனா அகலம் ரெட்டிப்பாகலை.

கணக்குப் போடுங்க. நெஞ்சு 350 மி.மீ., பிட்ச் (ஒரு சுற்றில் டேபிள் நகரும் தூரம் ÷ கதிர் அகலம்) 1, சுற்று 0.5 விநாடி. 16 ஸ்லைஸில் டேபிள் விநாடிக்கு 24 மி.மீ. நகரும், சுமார் 15 விநாடி ஆகும். 38.4 மி.மீ. அகலத்தில் 76.8 மி.மீ. நகரும், 4.6 விநாடி போதும். 15 விநாடி மூச்சைப் பிடிக்கச் சொன்னா மூச்சுத்திணறல்காரர் பத்தாவது விநாடியில விட்டுடுவார். கடைசி அஞ்சு விநாடியில எடுக்கிறது நுரையீரல் அடிப்பாகம், அங்கதான் அசைவு அதிகம். 4.6 விநாடி யாரும் பிடிப்பாங்க. மருத்துவரீதியான லாபம் முக்காவாசி இந்த ஒரு இடத்திலதான் இருக்கு. குழந்தைகளுக்கு மயக்க மருந்து தேவைப்படுறது குறையும், விபத்துக் கேஸில் தலை முதல் இடுப்பு வரை ஒரே ஓட்டத்தில் முடியும்.

வேகம் கூடினா ஒரு தொல்லையும் கூடவே வரும்: காண்ட்ராஸ்டை (ரத்தத்தில் ஏத்துற அயோடின் மருந்தை) ஓவர்டேக் பண்ணிடுவீங்க. பழைய புரோட்டோகால் டிலேயை (மருந்து ஏத்தின பிறகு ஸ்கேன் தொடங்கும் வரை காத்திருக்கும் நேரத்தை) அப்படியே காப்பி பண்ணாதீங்க. கால் ரத்தக்குழாய் ஆஞ்சியோவில் சுருக்கம் உள்ளவங்களுக்கு மருந்து விநாடிக்கு 30 மி.மீ. அளவில்தான் இறங்கும். மெஷின் 76 மி.மீ. ஓடினா முழங்காலுக்குக் கீழ வெறும் சாம்பல் நிறக் குழாய்தான் கிடைக்கும், பார்க்கிறவங்க அடைப்புன்னு நினைப்பாங்க. பிட்சைக் குறைங்க, சுற்று நேரத்தை 1 விநாடி ஆக்குங்க, டேபிள் வேகத்தை 30-க்குக் கொண்டுவாங்க. கெண்டைக்காலுக்கு மட்டும் ரெண்டாவது ஓட்டம் ஒண்ணைத் தயாரா வச்சுக்குங்க. தேவையில்லைன்னா கேன்சல் பண்ணிக்கலாம்.

இயற்பியல்_வாத்தியார்:
மதுரை சொன்ன வேகக் கணக்கோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: வாக்ஸலின் (படத்தின் முப்பரிமாணப் புள்ளியின்) வடிவம். சுற்றுக்கு ஒரே ஒரு ஸ்லைஸ் எடுத்த பழைய மெஷினில் 5 அல்லது 10 மி.மீ. கனத்தில் எடுத்தால், குறுக்கே 0.6 மி.மீ., நெடுக்கே 5 மி.மீ. என வாக்ஸல் நீண்ட செங்கல்லாக இருக்கும். கொரோனல் (முன்புறத் தளம்), சஜிட்டல் (பக்கவாட்டுத் தளம்) படங்களில் படிக்கட்டு தெரிவது அதனால்தான். 0.6 மி.மீ. காலிமேஷனில் (ஒரு டிடெக்டர் வரிசை எடுக்கும் கனத்தில்) மூன்று பக்கமும் ஏறக்குறைய சமமாகிவிடுகிறது. எந்தத் தளத்தில் வெட்டினாலும் ஒரே கூர்மை கிடைக்கும்.

ஆனால் இது தானாகக் கிடைப்பதில்லை. பலர் மெல்லிய காலிமேஷனில் எடுத்துவிட்டு 5 மி.மீ. கனத்தில் 5 மி.மீ. இடைவெளியில் ரீகன்ஸ்ட்ரக்ட் செய்கிறார்கள் (எடுத்த தரவிலிருந்து படத்தைக் கணித்து உருவாக்குகிறார்கள்), அதையே எம்.பி.ஆர்.-க்கும் (வேறு தளங்களில் வெட்டிக் காட்டும் படத்துக்கும்) பயன்படுத்துகிறார்கள். பிறகு படிக்கட்டு தெரிகிறது என்று மெஷினைக் குறை சொல்கிறார்கள். எம்.பி.ஆர்.-க்கு 1 மி.மீ. கனம், 0.5 முதல் 0.7 மி.மீ. இடைவெளி வையுங்கள். பாதிக்குப் பாதி மேற்படிந்தால் படிக்கட்டு போய்விடும். ஸ்கேன் ஏற்கெனவே முடிந்துவிட்டதால் கதிர்வீச்சு டோஸ் ஒரு துளியும் ஏறாது. நாய்ஸ் (படத்தின் புள்ளிப் புள்ளி இரைச்சல்) மட்டும் கூடும்: 5 மி.மீ.-இலிருந்து 1 மி.மீ.-க்கு வந்தால் ரூட் 5, அதாவது சுமார் 2.2 மடங்கு. அதைச் சரிக்கட்ட எம்.ஏ.எஸ்-ஐ (கதிரின் அளவை) ஐந்து மடங்கு ஏற்ற வேண்டாம். மெல்லியதை எம்.பி.ஆர்.-க்கு வைத்துக்கொண்டு, வாசிக்க 3 மி.மீ. படம் அனுப்பினால் போதும்.

இனி உங்கள் காத்தாடி. அதன் பெயரே விண்ட்மில் ஆர்டிஃபேக்ட்தான். ஹெலிக்கல் (டேபிள் நகர நகரக் குழாய் சுற்றும்) ஸ்கேனில் ஒவ்வொரு கோணத்திலும் படத்தளத்தை வெவ்வேறு டிடெக்டர் வரிசை கடக்கிறது. இரண்டு வரிசைகளுக்கு நடுவில் விழும் இடத்தை மென்பொருள் இடைக்கணித்து நிரப்புகிறது. நெடுக்குத் திசையில் எலும்பு திடீரென்று தொடங்கும் அல்லது முடியும் இடத்தில் (மண்டையோட்டு அடிப்பகுதி, விலா எலும்பு, முதுகெலும்பு விளிம்பு) இந்த இடைக்கணிப்பு ஒரு கோணத்தில் கூடுதலாகவும் அடுத்த கோணத்தில் குறைவாகவும் தவறுகிறது. அதுதான் இறக்கைகளாகத் தெரிகிறது. ஸ்லைஸ் ஸ்லைஸாக நகர்த்தும்போது அது சுற்றுவதே அதன் அடையாளம். பீம் ஹார்டனிங் (அடர்ந்த எலும்பு கதிரை மாற்றுவதால் வரும் பட்டை) சுற்றாது.

பிட்சைக் குறைத்தால் குறையும். மெல்லிய காலிமேஷனில் எடுத்துக் கொஞ்சம் கனமாக ரீகன்ஸ்ட்ரக்ட் செய்தாலும் குறையும்: 0.6-இல் எடுத்து 0.6-லேயே பார்த்தால் பளிச்சென்று தெரிவது, 1.5 மி.மீ.-இல் பெரும்பாலும் மறைந்துவிடும். மூன்றாவது வழி மெஷினுக்குள்ளேயே இருக்கிறது. மதுரை சொன்ன "ரெண்டு தடவை படிப்பது" அதற்காகத்தான்: எக்ஸ்ரே குழாயின் ஃபோக்கல் ஸ்பாட் (கதிர் கிளம்பும் புள்ளி) நெடுக்குத் திசையில் அரை வரிசை அளவு தள்ளித் தள்ளி விழுகிறது; 0.6 மி.மீ. வரிசையில் 0.3 மி.மீ.-க்கு ஒரு அளவீடு கிடைக்கிறது. 128 என்ற எண்ணின் உண்மையான பயன் விண்ட்மில் குறைவதுதான், அகலம் அல்ல.

இரவு_டியூட்டி:
அப்படின்னா ஏன் பல இடங்களில் மூளைக்கு இன்னும் சீக்வென்ஷியல்தான் (டேபிளை நிறுத்தி நிறுத்தி) எடுக்கிறாங்க? ஹெலிக்கலில் பத்து விநாடிக்குள்ள முடியுமே.

இயற்பியல்_வாத்தியார்:
அதே விண்ட்மில்லுக்குப் பயந்துதான். சாம்பல் பொருளுக்கும் வெள்ளைப் பொருளுக்கும் நடுவே வித்தியாசம் பத்து எச்.யூ. (சி.டி. அடர்த்தி அலகு; தண்ணீர் 0) கூட இல்லாதபோது, ஐந்து எச்.யூ. பட்டை ஒன்று போதும், ஆரம்ப நிலைப் பக்கவாதம் கண்ணுக்குத் தப்ப. ஹெலிக்கலில் எடுப்பதானால் பிட்ச் 0.55 அளவில் வையுங்கள், நெஞ்சுக்கு வைக்கிற 1.2-ஐ வைக்காதீர்கள்.

இன்னொன்று: இரண்டு பெட்ரஸ் எலும்புக்கும் (உட்காதைச் சூழ்ந்த எலும்பு) நடுவே, பான்ஸ் (மூளைத்தண்டின் ஒரு பகுதி) மேல் குறுக்காக ஓடும் கறுப்புப் பட்டை. ஹவுன்ஸ்ஃபீல்டு பார் என்பார்கள். அதைச் சீக்வென்ஷியலும் விடாது. இதுதான் பீம் ஹார்டனிங்: அடர்ந்த எலும்பைக் கடக்கும்போது எக்ஸ்ரேயின் குறைந்த ஆற்றல் பகுதி முதலில் உறிஞ்சப்பட்டு, மீதிக் கதிரின் சராசரி ஆற்றல் ஏறிவிடுகிறது. நடுவில் இருக்கும் திசு கதிரைக் குறைவாகத் தடுப்பதுபோல் தோன்றுகிறது. அதோடு கனமான காலிமேஷன் சேர்ந்தால் பார்ஷியல் வால்யூம் (ஒரே வாக்ஸலில் எலும்பும் திசுவும் கலந்துவிடும்) பிழையும் கூடி, பட்டை இன்னும் கறுக்கும். பழைய மெஷினில் 5 மி.மீ. காலிமேஷனில் எடுத்த 5 மி.மீ. படமும், புதியதில் 0.6-இல் எடுத்துச் சேர்த்த 5 மி.மீ. படமும் ஒன்றல்ல. இரண்டாவதில் பட்டை கணிசமாக மெலிந்திருக்கும். பிழை லாகரிதம் எடுக்கும் இடத்தில் நுழைகிறது. பிறகு சராசரி எடுத்தால் அந்தப் பிழை சேராது.

நெஞ்சகம்_டாக்டர்:
வாசிப்பவர் பக்கத்திலிருந்து சிலது. அழகாக இல்லாத படத்தை யாரும் பொறுத்துக்கொள்ளலாம். நோய் மாதிரியே வேஷம் போடும் ஆர்டிஃபேக்டுக்குத்தான் பயப்பட வேண்டும்.

முதலாவது, ஏறு மகாதமனியில் பொய் டிசெக்ஷன் (தமனிச் சுவர் கிழிந்து பிளந்ததுபோன்ற தோற்றம்). இதயம் துடிக்கும்போது மகாதமனியின் வேரும் அசைகிறது. சுவர் இரட்டையாகத் தெரிந்து உள்ளே மடல் இருப்பதுபோல் வரும். கடிகார முகத்தில் 12–1 மணிப் பக்கமும் 6–7 மணிப் பக்கமும்தான் வழக்கமான இடம், வேருக்கு அருகில் சில ஸ்லைஸ்களில் மட்டும். உண்மையான மடல் தொடர்ந்து ஓடும், ஒரு இடத்தில் தொடங்கி ஒரு இடத்தில் முடியும். 64 ஸ்லைஸிலும் கேட்டிங் (இதயத் துடிப்போடு ஒத்திசைத்து எடுப்பது) இல்லாமல் எடுத்தால் இது வரும். சந்தேகம் டிசெக்ஷன் என்றால் நெஞ்சுப் பகுதியை ஈ.சி.ஜி. கேட்டிங்கில் எடுங்கள். ஸ்லைஸ் எண்ணிக்கை இதைத் தீர்க்காது.

இரண்டாவது, நுரையீரல் ரத்தக்குழாய் சி.டி. "நல்லா ஆழமா மூச்சை இழுங்க" என்று பதிவு செய்த குரல் ஒலிக்கிறது. ஆழமாக இழுத்தால் வயிற்றுப் பக்கம் கீழ்ப் பெருஞ்சிரையிலிருந்து காண்ட்ராஸ்ட் கலக்காத ரத்தம் வலது இதயத்துக்குப் பாய்ந்து, சரியாக ஸ்கேன் நேரத்தில் மருந்தை நீர்த்துவிடும். மேல் பெருஞ்சிரை பளிச், நுரையீரல் தமனி மந்தம், மகாதமனி மறுபடி பளிச் என்றால் இதுதான் காரணம். 15 விநாடி ஸ்கேனில் இது பாதிப் படத்தைத்தான் கெடுக்கும்; 3 விநாடி ஸ்கேனில் மொத்தப் படத்தையும் கெடுக்கும். "மூச்சை லேசா இழுத்து அப்படியே நிறுத்துங்க", அவ்வளவே சொல்ல வேண்டும். பதிவான குரலை மாற்றுங்கள், அல்லது மைக்கில் நீங்களே சொல்லுங்கள்.

மூன்றாவது, மேல் பெருஞ்சிரையில் நிற்கும் அடர்ந்த காண்ட்ராஸ்ட். அதிலிருந்து நட்சத்திரம் மாதிரி கோடுகள் கிளம்பி வலது நுரையீரல் தமனி மேல் விழும், ரத்தக்கட்டி இருப்பதுபோல் கறுப்புத் தெரியும். மருந்துக்குப் பின்னால் அதே வேகத்தில் 40 மி.லி. சலைன் தள்ளுங்கள். கீழிருந்து மேலாக ஸ்கேன் செய்யுங்கள். மேலே வருவதற்குள் சிரை ஓரளவு கழுவப்பட்டிருக்கும். ஆனால் 3 விநாடி ஓட்டத்தில் திசையால் கிடைக்கும் லாபம் குறைவு, சலைன்தான் முக்கியம்.

மதுரை_சிடி:
மேடம் சொன்னதில் ஒண்ணு சேர்க்கிறேன். இப்ப எல்லாரும் குழாய் மின்னழுத்தத்தை 100 கே.வி., 80 கே.வி.-க்கு இறக்குறாங்க, அயோடின் நல்லாப் பளிச்சிடும் என்று. நல்லதுதான். ஆனா அதே பளிச்சு சிரையிலயும் ஏறும், கோடும் கூடும். கே.வி.-யை இறக்கினா மருந்தின் அளவையும் இறக்கணும். அளவை அப்படியே வச்சுக்கிட்டு கே.வி.-யை மட்டும் இறக்கினா கிட்னிக்கும் லாபம் இல்லை, படத்துக்கும் லாபம் இல்லை.

புதுக்கேன்ட்ரி:
மிக்க நன்றி. இதயம் பற்றி: 128 வந்தவுடன் கார்டியாக் தொடங்கச் சொல்கிறார்கள். சகோதர மருத்துவமனையில் 16 செ.மீ. அகல மெஷின் இருக்கிறது, "அங்கே படிக்கட்டே வராது, நம்மதில் வரும்" என்கிறார்கள்.

இயற்பியல்_வாத்தியார்:
பாதி சரி. இதயம் 120 முதல் 140 மி.மீ. உங்கள் 38.4 மி.மீ.-இல் மேற்படிவும் கழித்தால் நான்கு துடிப்புகளில் நான்கு துண்டாக எடுத்து ஒட்ட வேண்டும். துடிப்புக்குத் துடிப்பு இதயம் சரியாக அதே இடத்தில் நிற்காவிட்டால் ஒட்டுமிடத்தில் கரோனரி குழாய் வெட்டி நகர்த்தியது போல் தெரியும். மூச்சு நழுவினால் மார்பெலும்பும் சேர்ந்து படி காட்டும். துடிப்பு ஒழுங்கில்லை என்றால் மார்பெலும்பு நேராக இருக்கும், இதயம் மட்டும் படி காட்டும். சஜிட்டலில் மார்பெலும்பைப் பாருங்கள், காரணம் அங்கேயே கிடைத்துவிடும்.

320 × 0.5 மி.மீ., அதாவது 16 செ.மீ. அகலத்தை 2007-இல் தோஷிபா கொண்டுவந்தது. ஒரே துடிப்பு, ஒட்டுவதே இல்லை, படியும் இல்லை. ஆனால் மங்கல் வேறு விஷயம். ஒரு படத்துக்கு அரைச் சுற்று வேண்டும்; சுற்று 0.33 விநாடி என்றால் சுமார் 165 மில்லிவிநாடி. நிமிடத்துக்கு 80 துடிக்கும் இதயம் அவ்வளவு நேரம் அசையாமல் இருக்காது, டிடெக்டர் எவ்வளவு அகலமாக இருந்தாலும். அதனால்தான் சீமென்ஸ் 2005-இல் இரண்டு குழாய் வைத்தது: கால் சுற்று போதும், 83 மில்லிவிநாடி. ஒரு குழாய் மெஷினில் உங்களுக்கு இருக்கும் ஆயுதம் இதயத் துடிப்பை 65-க்குக் கீழே கொண்டுவருவது, அதாவது டாக்டர் பார்த்துக் கொடுக்கும் பீட்டா பிளாக்கர்.

அகல மெஷினுக்கும் விலை உண்டு. குழாயிலிருந்து மையம் 600 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 40 மி.மீ. கதிரின் விரிவு 4 டிகிரிக்குள், 160 மி.மீ. கதிரின் விரிவு சுமார் 15 டிகிரி. ஓர வரிசைகள் சாய்வாகப் பார்க்கின்றன. மேல் கடைசி, கீழ் கடைசி ஸ்லைஸ்களில் எலும்பு விளிம்பைச் சுற்றி நிழலும் கோடும் வரும். அதுதான் கோன் பீம் ஆர்டிஃபேக்ட். 4 ஸ்லைஸ் காலத்தில் கதிர்களை இணையானவை என்று எடுத்துக்கொண்டு கணக்கை முடித்தார்கள், 16-க்கு மேல் அது செல்லாது. ஃபெல்ட்காம்ப், டேவிஸ், கிரெஸ் 1984-இல் எழுதிய முறையும் அதன் வழிவந்தவையும் வேண்டியதாயின. கணிதத்தால் குறைக்கலாம், ஒற்றை வட்டச் சுற்றில் முழுவதும் ஒழிக்க முடியாது, தேவையான தரவே எடுக்கப்படவில்லை.

சர்வீஸ்_பெட்டி:
வளையம் பற்றி யாரும் பேசலை. சுருக்கமா.

ஒரு டிடெக்டர் சானல் மற்றவற்றை விடக் கொஞ்சம் கூடவோ குறையவோ காட்டினா அது படத்தில் வட்டமா விழும். வட்டத்தின் ஆரம் எவ்வளவோ, மையத்திலிருந்து அவ்வளவு தள்ளின கதிரைப் பார்க்கிற சானல்தான் குற்றவாளி. மல்டிஸ்லைஸில் சீக்வென்ஷியல் எடுத்தா, 64-ல் எந்தப் படத்தில் வட்டம் இருக்கோ அந்த வரிசை. ஹெலிக்கலில் முழு வட்டம் வராது, பிறைப் பிறையா வில் வரும், ஸ்க்ரோல் பண்ணினா சுற்றும். நிறைய பேர் அதை விண்ட்மில்னு எழுதி அனுப்புறாங்க. விண்ட்மில் எலும்பைச் சுற்றி வரும்; வில் எப்பவும் மெஷின் மையத்தைச் சுற்றி வரும். நோயாளியை மையத்திலிருந்து தள்ளிப் படுக்க வச்சிருந்தா வித்தியாசம் உடனே தெரியும்.

எங்களுக்கு ஃபோன் போடுறதுக்கு முன்னாடி: தண்ணீர் ஃபேன்டத்தை (தண்ணீர் நிரப்பின சோதனை உருளையை) மையத்தில் வச்சு அதே கே.வி., அதே காலிமேஷனில் ஒரு சீக்வென்ஷியல் எடுங்க. தண்ணீர் 0, ப்ளஸ் மைனஸ் 5-க்குள்ள இருக்கணும், மையத்திலயும் நாலு ஓரத்திலயும். வளையம் இருந்தா ஏர் கேலிபரேஷன் (வெறும் காற்றை வச்சு டிடெக்டரைச் சரிசெய்றது) போடுங்க. பவர் கட்டாகி இப்பதான் மெஷினை ஆன் பண்ணினீங்கன்னா டிடெக்டர் வெப்பம் நிலைக்கு வர்ற வரை கேலிபரேஷன் போடாதீங்க. தப்பான வெப்பத்தில் போட்ட கேலிபரேஷன் நாள் முழுக்க எல்லாப் படத்திலயும் வளையம் தரும். கேலிபரேஷன் போடும்போது கேன்ட்ரிக்குள்ள (ஆள் நுழையுற வட்டத் துளைக்குள்ள) ஒண்ணும் இருக்கக் கூடாது. டேபிள் நுனி, ஹெட் ஹோல்டர், போர்வை ஓரம் கூட ஆகாது.

காண்ட்ராஸ்ட் துளி தனிக் கதை. கேன்ட்ரி உள்பக்கம் சுற்றி ஒட்டின பிளாஸ்டிக் ஜன்னலில் ஒரு துளி காய்ஞ்சிருந்தா அது சுழலாது, அதனால வளையம் வராது. கோடும் மங்கலும் வரும், எல்லா நோயாளிக்கும் ஒரே பக்கத்தில். ஈரத் துணியால துடைச்சாப் போயிடும். துளி இடுக்கு வழியா உள்ள இறங்கி சுழலும் பக்கத்தில் டிடெக்டர் மூடி மேல ஒட்டினா வளையம். அதை நீங்க திறக்காதீங்க.

ஒரே ஒரு ஸ்லைஸில் மட்டும் படம் முழுக்க நேர் கோடுகள், அடுத்த ஸ்லைஸ் சுத்தம் என்றால் ட்யூப் ஆர்க்கிங்கா (குழாய்க்குள்ள மின்பொறி) இருக்கலாம். எரர் லாக்கில் அதே நேரத்தில் பதிவு இருக்கும். வாரத்துக்கு ஒண்ணுன்னா குறிச்சு வைங்க. ஒரு நாளைக்குப் பலதடவைன்னா குழாய் போகப் போகுது.

இரவு_டியூட்டி:
தோள்பட்டைக் கோட்டுக்கு யாரும் பதில் சொல்லலை. அதோட, இடுப்பு மூட்டு மாற்றியவங்களுக்கு 140 கே.வி. போட்டா மெட்டல் கோடு போயிடும் என்று படிச்சேன். சரியா?

இயற்பியல்_வாத்தியார்:
தோள்பட்டையில் நடப்பது ஃபோட்டான் பஞ்சம். பக்கவாட்டில் இரண்டு தோள் எலும்பையும் கடந்து டிடெக்டருக்கு வரும் கதிர் மிகக் குறைவு. அந்தக் கோணங்களில் நாய்ஸ் ஏறி, ரீகன்ஸ்ட்ரக்ஷனில் குறுக்குக் கோடுகளாக நீள்கிறது. கோணத்துக்குத் தக்கபடி எம்.ஏ.-வை (குழாய் மின்னோட்டத்தை) மாற்றும் வசதி இயங்குகிறதா என்று முதலில் பாருங்கள். கழுத்து ஸ்கேனில் தோளைக் கீழே இழுங்கள், நெஞ்சில் கையை மேலே தூக்குங்கள். விபத்துக் கேஸில் தூக்க முடியாது; அப்போது இரண்டு கையையும் உடம்பின் இரு பக்கமும் நீட்டி வைப்பது மிக மோசமான நிலை, கல்லீரல் மண்ணீரல் மட்டத்தில் கோடு ஓடும். வயிற்றின் மேல் ஒரு தலையணை வைத்து அதன் மேல் கைகளை வைத்தால் கோடும் குறையும், டோஸும் குறையும்.

மெட்டலைப் பொறுத்தவரை 140 கே.வி. உதவும், தீர்க்காது. மெட்டல் ஆர்டிஃபேக்டில் பீம் ஹார்டனிங், ஃபோட்டான் பஞ்சம், சிதறல், பார்ஷியல் வால்யூம் எல்லாம் ஒன்றாக இருக்கின்றன. டைட்டானியம் ஸ்க்ரூவில் பெரும்பங்கு ஹார்டனிங், 140 கே.வி.-யும், இரட்டை ஆற்றல் ஸ்கேனில் 110 முதல் 140 கே.இ.வி. மோனோ (ஒற்றை ஆற்றலில் எடுத்ததுபோல் கணித்த) படமும் நன்றாக வேலை செய்யும். கோபால்ட்–குரோமியம் இடுப்பு மூட்டு இரண்டு பக்கமும் இருந்தால் நடுவில் கதிரே வருவதில்லை. வராத தகவலை மோனோ படம் எங்கிருந்து தரும்? அங்கே மெட்டல் திருத்த மென்பொருள்தான் வழி.

நெஞ்சகம்_டாக்டர்:
அந்த மென்பொருளை நம்பித் திருத்தாத படத்தை அழித்துவிடாதீர்கள். அது மெட்டல் நிழல் விழுந்த தரவை அக்கம்பக்கத்திலிருந்து நிரப்புகிறது. நிரப்பும்போது மெட்டலை ஒட்டிய எலும்பில் இல்லாத தளர்வு தோன்றும், காற்று பக்கத்தில் இருந்தால் புதிய கோடு பிறக்கும். ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறதா என்ற கேள்விக்கு இரண்டு சீரிஸும் வேண்டும். எலும்பு கெர்னலும் (விளிம்பைக் கூர்மையாக்கும் கணக்கீட்டு முறை) எக்ஸ்டெண்டட் எச்.யூ. அளவும் வைத்து அனுப்பினால் இன்னும் நல்லது: சாதாரண அளவு 3071-இல் நின்றுவிடும், அதற்கு மேல் எல்லாம் ஒரே வெள்ளைக் கட்டியாகத் தெரியும்.

பல் அடைப்பு உள்ளவர்களுக்குக் கழுத்து எடுக்கும்போது, கழற்றும் பல்செட்டைக் கழற்றிவிட்டு, வாய்க்குழி மட்டத்தை மட்டும் தலையைச் சாய்த்து இரண்டாவது தடவை எடுப்பது இன்னும் செல்லுபடியாகும் வழிதான். எந்த மென்பொருளும் நாக்குப் புற்றை அவ்வளவு நன்றாகக் காட்டாது.

மதுரை_சிடி:
மேடம் சொன்ன சாய்ப்புக்கு ஒரு எச்சரிக்கை: பழைய 16-ல் கேன்ட்ரியைச் சாய்ச்சுக் கண் லென்ஸில் கதிர் படாமத் தவிர்த்தீங்க. புது மெஷின்கள் சிலதில் கேன்ட்ரி சாயாது, சிலதில் ஹெலிக்கலில் சாய்க்க விடாது. வாங்குறதுக்கு முன்னாடி கேளுங்க. சாயலைன்னா தாடையை நெஞ்சுப் பக்கம் அமுக்கி, ஹெட் ஹோல்டரில் ஆப்பு வச்சுச் சாய்க்கிறதுதான் வழி.

மையப்படுத்தல் பற்றியும் சொல்லிடுறேன், இதில்தான் அவசரத்தில் எல்லாரும் கோட்டை விடுறோம். டோபோகிராமில் (ஸ்கேனுக்கு முன்னாடி எடுக்கிற அளவுப் படத்தில்) உடம்பு குழாய்ப் பக்கம் நெருங்கியிருந்தா பெருசாத் தெரியும். மெஷின் ஆள் குண்டுன்னு நினைச்சு எம்.ஏ.-வை ஏத்தும். விலகியிருந்தா இறக்கும், படம் புள்ளி புள்ளியா வரும். போதாக்குறைக்கு போ-டை ஃபில்டர் (ஓரத்துக் கதிரைக் குறைக்கும் தகடு) மையத்தில் இருக்கிறவருக்கு என்றே செதுக்கினது. பக்கவாட்டு லேசர் உடம்பின் நடுவில் விழணும், தொப்புள் மேல இல்லை. மெஷின் அளக்கிற 50 செ.மீ. வட்டத்துக்கு வெளிய உடம்பு போனா ஓரத்தில் வெள்ளை விளிம்பு கட்டும். விரிவான எஃப்.ஓ.வி. (படப் பரப்பு) வச்சு ரீகன்ஸ்ட்ரக்ட் பண்ணலாம், ஆனா அந்த வெளி வட்டத்து எச்.யூ. ஊகம்தான், ரேடியோதெரபி பிளானிங்காரர்களிடம் அதைச் சொல்லிட்டு அனுப்புங்க.

புதுக்கேன்ட்ரி:
டோஸ் குறையும் என்றும் விளம்பரத்தில் இருக்கிறது. அதை எப்படி எடுத்துக்கொள்வது?

இயற்பியல்_வாத்தியார்:
ஒரு விதத்தில் குறையும், இன்னொரு விதத்தில் கூடும். டிடெக்டர் வரிசை எல்லாம் ஒரே அளவு வெளிச்சம் பெற, கதிரின் மங்கல் ஓரத்தை டிடெக்டருக்கு வெளியே விழவிட வேண்டும். 4 × 1.25 = 5 மி.மீ. கதிரில் இருபக்கமும் வீணாகும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பெரிய பங்கு, 38.4 மி.மீ.-இல் அற்பம். ஆனால் ஹெலிக்கலில் தொடக்கத்திலும் முடிவிலும் இடைக்கணிப்புக்காக வரம்புக்கு வெளியே கூடுதலாகச் சுற்ற வேண்டும், அந்த வீண் பகுதி கதிர் அகலத்தோடு சேர்ந்து வளர்கிறது. 350 மி.மீ. பெரியவர் நெஞ்சில் பரவாயில்லை, 120 மி.மீ. குழந்தை நெஞ்சில் கணிசம். இரு முனையிலும் கதிரைத் தடுத்துத் திறக்கும் காலிமேட்டர் உங்கள் மாடலில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் குழந்தைகளுக்கு 64 × 0.6-க்குப் பதில் பாதி அகலத்தைத் தேர்ந்தெடுங்கள். ஸ்கேன் ஒன்றிரண்டு விநாடி நீளும், அவ்வளவுதான்.

புதுக்கேன்ட்ரி:
கடைசியாக ஒன்று. சந்தேகமான படம் வந்தால் அந்த இடத்திலேயே திரும்ப எடுப்பதா, இல்லை வேறு வழி இருக்கிறதா?

சர்வீஸ்_பெட்டி:
திரும்ப எடுக்கிறதுக்கு முன்னாடி ரீகன்ஸ்ட்ரக்ட் பண்ணிப் பாருங்க. கனத்தை மாத்தினா குறைஞ்சா விண்ட்மில் அல்லது பார்ஷியல் வால்யூம். ஈ.சி.ஜி.-யில் வேற கட்டத்தை எடுத்தா குறைஞ்சா இதய அசைவு. எதை மாத்தினாலும் அதே இடத்தில் நின்னா மெஷின்.

ஆனா இதுக்கெல்லாம் ரா டேட்டா (டிடெக்டர் அளந்த மூலத் தரவு) வேணும். PACS-க்கு (மருத்துவமனையின் படச் சேமிப்புக்கு) போறது படம் மட்டும்தான். ரா டேட்டா கன்சோல் டிஸ்க்கில் சில நாள் இருக்கும், இடம் நிரம்பினா பழசு தானா அழியும். கேஸ் அதிகமான இடத்தில் ரெண்டு நாள் தாங்கினா பெரிசு. சந்தேகம்னு தோணின உடனே அந்த ஸ்கேனை ப்ரொடெக்ட் பண்ணுங்க. எங்களுக்கு அனுப்பும்போது மொபைலில் எடுத்த மானிட்டர் ஃபோட்டோ வேண்டாம்: ரா டேட்டா, அதே நாள் தண்ணீர் ஃபேன்டம் ஸ்கேன், எரர் லாக், கடைசி ஏர் கேலிபரேஷன் போட்ட நேரம், இந்த நாலும் போதும்.